வெளிநாட்டுத் துணையின் நாட்டில் குடியேறுவது: திருமணப் பதிவிலிருந்து குடியுரிமை வரை

வேறு நாட்டுக்காரரை மணந்துகொண்டால் அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அதுவும் பெரும்பாலும் பெண்களுக்கு மட்டும், அவர்களின் விருப்பத்தைக் கேட்காமலே. அமெரிக்காவின் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையே இழந்தாள். 1922இல் வந்த கேபிள் சட்டம்தான் அதைத் திருத்தத் தொடங்கியது. திருமணமோ மணமுறிவோ ஒரு பெண்ணின் குடியுரிமையைத் தானாக மாற்றக்கூடாது என்று 1957இல் ஐ.நா. உடன்படிக்கையே உருவானது. இன்று பெரும்பாலான நாடுகளில் திருமணம் உங்களுக்குத் தருவது ஒன்றே ஒன்று: விண்ணப்பிக்கும் தகுதி. மீதியெல்லாம் காகிதமும் காலமும்.

பாதை ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் நுழைவு விசா, பிறகு தற்காலிக வதிவிட அனுமதி, பிறகு நிரந்தர வதிவிடம், கடைசியில் குடியுரிமை. இந்த ஆண்டுகள் முழுக்க உங்கள் சட்டபூர்வ நிலை இன்னொருவரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். எவ்வளவு அன்பான துணையாக இருந்தாலும் சரி, விண்ணப்பத்தின் நகல், தேதிகள், கணக்கின் கடவுச்சொல் எல்லாம் உங்களிடமும் இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் இதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவேன். "அதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டுப் பின்னால் தவித்தவர்கள் ஏராளம்.

முதல் படி: எந்தக் கதவு உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் துணை அந்த நாட்டின் குடிமகனா, நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் பெற்றவரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பல நாடுகளில் இந்த ஒரு கேள்வியே காத்திருப்பை மாதக்கணக்கா ஆண்டுக்கணக்கா என்று முடிவுசெய்துவிடும். அமெரிக்கக் குடிமகனின் துணைக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு கிடையாது. கிரீன் கார்டு, அதாவது அமெரிக்க நிரந்தர வதிவிட அட்டை, வைத்திருப்பவரின் துணை ஒதுக்கீட்டு வரிசையில் நிற்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு ஜெர்மானியரை மணந்து ஜெர்மனியிலேயே வாழ்ந்தால் உங்களுக்குப் பொருந்துவது ஜெர்மன் சட்டம். அதே ஜெர்மானியர் ஸ்பெயினில் வேலை பார்த்து, நீங்கள் அவரோடு அங்கே வாழ்ந்தால், ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சுதந்திர நடமாட்ட நெறிமுறை உங்களைக் காக்கும். விசாவுக்குக் கட்டணம் இல்லை, வேலை செய்யும் உரிமை உண்டு, வதிவிட அட்டையை ஆறு மாதத்துக்குள் தர வேண்டும், ஐந்து ஆண்டுகளில் நிரந்தர வதிவிடம். சொந்த நாட்டில் வாழும் குடிமகனின் துணையைவிட அயல்நாட்டில் வாழ்பவரின் துணைக்கு வழி எளிதாக இருப்பது பலருக்கும் தெரியாத விஷயம். எங்கே குடும்பம் நடத்துவது என்று இன்னும் முடிவுசெய்யாத தம்பதியர் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சுற்றுலா விசாவில் போய், அங்கேயே விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பிரிட்டனில் பார்வையாளராக நுழைந்தவர் உள்ளேயிருந்தபடி வாழ்க்கைத்துணை விசாவுக்கு மாற முடியாது. ஆஸ்திரேலியப் பார்வையாளர் விசா சிலவற்றில் 8503 என்ற நிபந்தனை இருக்கும். அது இருந்தால் உள்ளே இருந்துகொண்டு வேறு விசா கேட்பது பொதுவாக இயலாது. தங்கிவிடும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலாப் பயணியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தால், அது பொய்த் தகவல் தந்த குற்றமாகக் கருதப்படலாம். நிச்சயதார்த்தம் மட்டும் ஆனவர்களுக்கென்று அமெரிக்காவில் கே-1 விசா இருக்கிறது; நுழைந்த 90 நாட்களுக்குள் மணமுடிக்க வேண்டும். டென்மார்க்கில் தம்பதியர் இருவருக்குமே 24 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முள் இருக்கும். அதை விமானச் சீட்டு வாங்கும் முன்பே அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அதிகாரபூர்வத் தளத்தில் தேடிப் படித்துவிடுங்கள். வீட்டுக்கு வீடு விதி மாறாது, ஆனால் ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூன்று வருடம் முன்பு போன உறவினர் சொல்வது இன்றைக்குச் செல்லாமல் போயிருக்கலாம்.

இரண்டாம் படி: திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமாக இருக்க வேண்டும்

மதச் சடங்குப்படி நடந்த திருமணத்தின் படங்களும் அழைப்பிதழும் துணைச் சான்றுகள்தான். குடிவரவு அதிகாரி கேட்பது அரசுப் பதிவேட்டில் இருந்து பெற்ற திருமணச் சான்றிதழை. வெளிநாட்டில் போய் மணமுடிப்பதானால், திருமணத்துக்குத் தடையில்லை என்ற சான்றைச் சொந்த நாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்வார்கள். அது சில மாதங்களே செல்லும். ஆகவே முன்கூட்டியே வாங்கி வைத்து வீணாக்க வேண்டாம். இருவரில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்தால், மணமுறிவின் இறுதித் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ் கட்டாயம். தீர்ப்புத் தேதிக்கு முன்பே புதுத் திருமணம் நடந்திருந்தால், அந்தத் திருமணமே செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.

சான்றிதழ்கள் அயல்நாட்டில் செல்லுபடியாக வேண்டுமானால் அப்போஸ்டில் முத்திரை தேவை. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே பொதுவாக இது போதும். இந்தியாவில் 2005இலும், சீனாவில் 2023 நவம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் இது நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் இல்லாத நாடென்றால் வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அத்தாட்சி வாங்க வேண்டியிருக்கும். அப்போஸ்டில் என்பது கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே உறுதிசெய்கிறது. உள்ளே பிழை இருந்தால் பிழையோடுதான் போகும். முதலில் அப்போஸ்டில், பிறகு அந்த முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்ப்பு என்ற வரிசை பெரும்பாலான இடங்களில் பாதுகாப்பானது. மொழிபெயர்ப்பாளர் அந்த நாடு ஏற்றுக்கொள்ளும் தகுதி பெற்றவரா என்று முன்னதாகக் கேட்டுவிடுங்கள்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அதிக விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இது. பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் விரிவான பெயர், திருமணச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால், மூன்று பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு வங்கிக் கணக்கிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அதுவே உங்கள் பெயராகத் தொற்றிக்கொள்ளும். பாஸ்போர்ட்டைத் திருத்துவது சொந்த நாட்டில் இருக்கும்போது சுலபம். அயல்நாட்டு அனுமதி ஒன்று கிடைத்த பிறகு திருத்தினால் ஒவ்வொரு அட்டையையும் தனித்தனியாக மாற்ற வேண்டிவரும். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், பல மாதத் தாமதம் மிச்சமாகும்.

மூன்றாம் படி: வருமானமும் மொழியும்

துணையாக வருகிறவர் அரசின் உதவித்தொகையை நம்பி வாழக்கூடாது என்பது எல்லா நாடுகளின் எண்ணமும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு. அதற்கு முன்பு 18,600. அமெரிக்காவில் ஸ்பான்சரின், அதாவது உங்களுக்குப் பொறுப்பேற்று அழைக்கும் துணையின், வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். போதாவிட்டால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திடலாம். அந்தக் கையெழுத்தின் கனம் உங்கள் துணைக்கும் தெரிந்திருக்க வேண்டும்: மணமுறிவு ஏற்பட்டாலும் அந்த உறுதிமொழி முடிவதில்லை. கனடாவில் துணைக்கான பொறுப்புறுதி மூன்று ஆண்டுகளுக்கு நீடிக்கும்.

மொழித் தேர்வைக் கடைசிநேரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் பொதுவாக விசா கேட்கும்போதே ஏ1 நிலைச் சான்று (ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் தொடக்க நிலை) தேவை. இத்தாலியில் 2018 முதல் திருமண வழிக் குடியுரிமைக்கு அதே அளவுகோலின் நடுத்தர நிலையான பி1. சட்டம் கேட்கும் அளவு எவ்வளவாக இருந்தாலும், அதற்கு மேல் படியுங்கள் என்றே சொல்வேன். மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் துணையின் வாய்வழியாகப் பேச வேண்டிய நிலை ஒருவரை மெல்ல மெல்லச் சிறுமைப்படுத்தும்.

நான்காம் படி: உறவு உண்மையானது என்று காட்டுவது

இதுதான் கோப்பின் உயிர். ஆஸ்திரேலியா இதற்கு நல்ல வரையறை வைத்திருக்கிறது. வேறு நாட்டுக்கு விண்ணப்பிப்பவரும் அதைப் பின்பற்றலாம். நான்கு பக்கமிருந்து பார்க்கிறார்கள்: பணத்தை எப்படிப் பகிர்ந்துகொள்கிறீர்கள், வீட்டை எப்படி நடத்துகிறீர்கள், சுற்றமும் நட்பும் உங்களைத் தம்பதியாக அறிந்திருக்கிறதா, எதிர்காலம் குறித்து எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள்.

கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, ஒருவருக்கொருவர் அனுப்பிய பணத்தின் பதிவு, காப்பீட்டில் நியமனதாரராகப் பெயர், பயணச் சீட்டுகள், குடும்பத்தினரோடு எடுத்த படங்கள் போன்றவை வலுவான சான்றுகள். நூற்றுக்கணக்கில் இருவர் மட்டும் நிற்கும் படங்களைவிட, வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு மனிதர்களோடு எடுத்த இருபது படங்கள் அதிகம் பேசும். பின்னால் தேதியும் இடமும் உடனிருப்பவர் யார் என்பதும் குறித்து வையுங்கள். தொலைவில் பிரிந்து வாழும் தம்பதியர் உரையாடல்களை முழுதாக அச்செடுத்துக் குவிக்க வேண்டாம். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் என்று தொடர்ச்சி தெரியும்படி தேர்ந்தெடுங்கள். அந்தரங்கமான செய்திகளை அனுப்பத் தேவையே இல்லை. ஒரு கூட்டுக் கணக்கை விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திறந்து, அதில் ஒரு பரிவர்த்தனையும் இல்லாமல் சமர்ப்பிப்பதைவிட, அது இல்லாமலே அனுப்பிக் காரணத்தைக் கடிதத்தில் எழுதுவது மேல்.

இருவரும் சேர்ந்து, எப்போது அறிமுகம், எப்போது முடிவு, எப்போது திருமணம், எங்கெங்கே வாழ்ந்தீர்கள் என்று ஒரு பக்கத்துக்குள் தேதிவரிசைக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படிவங்களை அதைப் பார்த்தே நிரப்புங்கள். ஆண்டுகள் கழித்து அடுத்த கட்ட விண்ணப்பத்தில் வேறு தேதி எழுதிவிட்டால், மறதி என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்ப முடியாது.

நேர்காணல் பற்றிய பயம் பலருக்கும் உண்டு. சில சமயம் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். படுக்கையில் யார் எந்தப் பக்கம், காலையில் யார் முதலில் எழுவது என்பது வரை வரலாம். பதில்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே வார்த்தைகளில் இருவரும் சொன்னால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். தெரியாததைத் தெரியாது என்றும் நினைவில்லாததை நினைவில்லை என்றும் சொல்லுங்கள். கேள்வி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்பது அவமானமல்ல. போலித் திருமணத்தின் விலை பெரிது: அமெரிக்காவில் ஐந்து ஆண்டு வரை சிறையும் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு, அதன்பிறகு துணை வழியில் எந்த மனுவும் ஏற்கப்படாது. பணத்துக்கு இப்படி ஏற்பாடு செய்து தருகிறேன் என்று வரும் தரகரிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். உதவி தேவையென்றால் உரிமம் பெற்றவரிடம் போங்கள். கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் மூன்றிலும் குடிவரவு ஆலோசகர்கள் அரசு அங்கீகரித்த பதிவேட்டில் இருக்க வேண்டும். பெயரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: காத்திருக்கும் காலம்

மருத்துவப் பரிசோதனையையும் காவல்துறை நன்னடத்தைச் சான்றையும், விண்ணப்பத்தோடே இணைக்கச் சொல்லாத நாடுகளில், அதிகாரிகள் கேட்ட பிறகு எடுப்பது நல்லது, அவை காலாவதியாகக்கூடியவை. பரிசோதனை அவர்கள் பட்டியலில் உள்ள மருத்துவரிடம்தான் செய்ய வேண்டும். இடையில் முகவரி மாறினால் தெரிவியுங்கள். கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வரவில்லை என்று கோப்பை மூடிவிடுவது நடக்கிற விஷயம். அமெரிக்காவுக்குள் இருந்து கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர் முன் அனுமதி பெறாமல் நாட்டைவிட்டுப் போனால், பொதுவாக விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தாலும் இதே விதிதான். அதனால் பயண அனுமதியையும் வேலை அனுமதியையும் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: போய்ச் சேர்ந்த பிறகு

முகவரிப் பதிவு, அடையாள எண், மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு. கணக்கில் ஒன்று உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். முதல் அனுமதி பெரும்பாலும் தற்காலிகமானது. பிரிட்டனில் வெளியிலிருந்து பெறும் துணை விசா 33 மாதம். அது முடியும் முன் இன்னொரு 30 மாதத்துக்கு நீட்டித்து, ஐந்தாண்டு முடிவில் நிரந்தரம் கேட்க வேண்டும். அமெரிக்காவில், திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையும் முன் வதிவிடம் கிடைத்தால் அது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு. காலாவதிக்கு முந்தைய 90 நாட்களில், அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவம் போக வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டால் சட்டபூர்வ நிலையே போய்விடும். இருவரின் கைபேசியிலும் ஆறு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள்.

இனிச் சொல்லப்போவதை மணக்கோலத்தில் இருப்பவர்கள் கேட்க விரும்பமாட்டார்கள். திருமணம் முறிந்தால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டைப் பறித்து வைக்கும் உரிமை துணைக்கும் இல்லை, துணையின் பெற்றோருக்கும் இல்லை. "நீ வாய் திறந்தால் விசாவை ரத்து செய்துவிடுவேன்" என்ற மிரட்டல் பல நாடுகளில் முழு உண்மையும் அல்ல. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ ஆன துணையால் கொடுமைக்கு ஆளானவர், ஆணோ பெண்ணோ, துணைக்குத் தெரியாமலே சொந்தமாக மனுச் செய்யலாம். பிரிட்டனில் துணை விசாவில் உள்ளவர் வீட்டு வன்முறையால் பிரிந்தால் நிரந்தர வதிவிடமே கேட்கலாம். ஜெர்மனியில் மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவருக்குப் பிரிந்த பிறகும் தனி வதிவிட உரிமை உண்டு; கொடுமை போன்ற கடும் துயர நிலையில் அந்த மூன்று ஆண்டும் தேவையில்லை. துணையின் நிபந்தனை வதிவிடத்தைக் கனடா 2017இல் நீக்கியதற்கு, அது கொடுமைக்குள்ளானவர்களை அந்த வீட்டிலேயே கட்டிப்போட்டது என்பது முக்கியக் காரணம். துணை இறந்துவிட்டாலும் வழி இருக்கிறது. அமெரிக்கக் குடிமகனின் கைம்பெண்ணோ மனைவியை இழந்தவரோ இரண்டு ஆண்டுக்குள் தாமே மனுத் தாக்கல் செய்யலாம். நகல்கள் உங்களிடம் இருக்கட்டும் என்று சொன்னது இந்த நாளுக்காகத்தான். துணைக்குத் தெரியாத ஒரு மின்னஞ்சல் கணக்கிலோ நம்பிக்கையான தோழியிடமோ ஒரு தொகுதி இருக்கட்டும்.

ஏழாம் படி: நிரந்தர வதிவிடமும் குடியுரிமையும்

நிரந்தர வதிவிடம் என்று பெயர் இருந்தாலும் அதற்கும் ஆயுள் உண்டு. பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தால் அது ரத்தாகும். கனடாவில் ஐந்து ஆண்டில் 730 நாள் இருக்க வேண்டும். கனடியக் குடிமகனான துணையோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பது ஒரு சலுகை. குடியுரிமைக் கணக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே ஐந்து ஆண்டில் 1,095 நாள் உடல் அங்கேயே இருந்திருக்க வேண்டும், குடிமகனின் துணை என்பதற்காக ஒரு நாள்கூடக் குறையாது.

வேறு பல நாடுகளில் துணைக்கு ஏதாவது சுருக்கவழி இருக்கும். ஸ்பெயினில் ஓராண்டு சட்டபூர்வ வதிவிடம். இத்தாலியில் திருமணத்துக்குப் பின் இரண்டு ஆண்டு வதிவிடம், வெளிநாட்டில் வாழ்ந்தால் மூன்று. குழந்தை இருந்தால் பாதி. ஜெர்மனியில் மூன்று ஆண்டு வதிவிடமும் இரண்டு ஆண்டு மணவாழ்க்கையும். பிரான்சில் திருமணமாகி நான்கு ஆண்டு, சில சூழலில் ஐந்து. அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்று, குடிமகனான துணையோடு சேர்ந்து வாழ்ந்த மூன்று ஆண்டு, அதில் குறைந்தது 18 மாதம் நாட்டுக்குள். சுவிட்சர்லாந்தில் மூன்று ஆண்டு மணவாழ்க்கையோடு மொத்தம் ஐந்து ஆண்டு வதிவிடம். இந்தியக் குடிமகனை மணந்த வெளிநாட்டவர் பதிவு வழியில் குடியுரிமை கேட்க ஏழு ஆண்டு இந்தியாவில் வசித்திருக்க வேண்டும், ஓ.சி.ஐ. அட்டைக்கு (குடியுரிமை இல்லாமலே இந்தியாவுக்கு வந்துபோகவும் வாழவும் உதவும் அட்டை) பதிவுசெய்த திருமணம் இரண்டு ஆண்டு நீடித்திருந்தால் போதும்.

பிரிட்டனில் நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு கேட்கலாம்; பார்ப்பது விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டு, அதில் 270 நாளுக்கு மேலும், கடைசி ஆண்டில் 90 நாளுக்கு மேலும் வெளியே போயிருக்கக்கூடாது. விண்ணப்பம் சேரும் நாளுக்குச் சரியாக மூன்று ஆண்டுக்கு முன்பு நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. அன்று விடுமுறைக்கு வெளிநாடு போயிருந்தால், தேதியைத் தள்ளிப்போட்டு விண்ணப்பிப்பதே பாதுகாப்பான வழி. இதனால்தான் நாடு எதுவாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பயணத்தின் போன தேதி, வந்த தேதியைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாத எல்லைகள் பெருகிவிட்ட காலம் இது.

குடிமைத் தேர்வு பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. பிரிட்டனில் 24 கேள்விக்கு 18 சரியாக இருந்தால் போதும், ஜெர்மனியில் 33க்கு 17.

அதைவிடக் கனமான முடிவு, பழைய குடியுரிமையைத் துறப்பதா என்பது. ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் பழையதை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஜப்பானும் சிங்கப்பூரும் புதிதாகக் குடிமகன் ஆகிறவரைப் பழையதைத் துறக்கச் சொல்கின்றன. புதிய நாடு அனுமதித்தாலும் சொந்த நாடு அனுமதிக்காமல் போகலாம்: இந்தியக் குடிமகன் விரும்பி வேறு குடியுரிமை பெற்ற நொடியிலேயே சட்டப்படி இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். சொத்துரிமை, முதுமையில் திரும்பி வாழும் எண்ணம், பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, நிரந்தர வதிவிடத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலான நாடுகளில் தேசியத் தேர்தலில் வாக்குரிமையும், எவ்வளவு காலம் வெளியே இருந்தாலும் திரும்பி வரும் உரிமையும் குடிமகனுக்கே. திருமணத்தோடு உங்கள் நிலை கட்டுண்டிருப்பதும் குடியுரிமை பெற்ற நாளோடு முடிகிறது. இவற்றை வைத்துப் பார்த்தால், தகுதி வந்ததும் விண்ணப்பிப்பதே நல்லது என்பது என் கருத்து.

புதிய பாஸ்போர்ட் வந்ததும் முதல் வேலை, பழையதை என்ன செய்வது என்று பார்ப்பது. அமெரிக்கக் குடிமகன் ஆனவர் அந்நாட்டுக்குள் போகவும் வெளியே வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டையே பயன்படுத்த வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர் வேறு குடியுரிமை பெற்ற பிறகு அதில் பயணம் செய்வது குற்றம். தூதரகத்தில் அதை ஒப்படைத்து, ஒப்படைப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; பின்னால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படும் காகிதங்களில் அதுவும் ஒன்று.